ஊசி அக்காவின் பத்து நாள் லீவு

குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் என்ற விவரமெல்லாம் அதன் வயிற்றுக்குள்தான். புதிய பெட்டியில் அந்தப் பழைய புரோகிராம் ஓடாது என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். நாலு வருடத்துக்கு முன்பு ஒருநாள் அதன் பவர் பட்டன் உள்ளே போனது. போனது போனதுதான்.

அன்றிலிருந்து அதை எழுப்புவது டைப்பிஸ்ட் அக்காவின் வேலை. காலையில் வந்ததும் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றுவார். கொண்டையிலிருந்து ஊசியை உருவுவார். உள்ளே பட்டனின் ஒயர் மாட்டுகிற இடத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஊசியால் சேர்த்து ஒரு தொடு தொட்டால் பெட்டி உறுமிக்கொண்டு எழும். ஊசி மறுபடி கொண்டைக்குப் போய்விடும். ஊசி அக்கா என்று முதுகுக்குப் பின்னால் பேர் வைத்திருந்தார்கள்.

"தள்ளி நில்லுங்க. ஷாக் அடிச்சா நான் பொறுப்பில்ல" என்பார் தினமும்.

ஷாக்காவது மண்ணாவது! அந்தக் கம்பிகளைத் தொட்டால் எறும்புகூடச் சாகாது. ஒருமுறை வந்த மெக்கானிக், "ரீசெட் பட்டன் சும்மாதானே இருக்கு? அதோட ஒயரை இதுல மாத்தி மாட்டினா ரெண்டு நிமிஷ வேலை" என்றார். அக்கா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, "கை வெச்சா மொத்தமும் போயிடுமாம் சார்" என்று மேனேஜரிடம் கூசாமல் சொன்னார். பட்டன் போவதற்கு முன்பு பதினெட்டு வருடமாக அவர் வந்தாரா போனாரா என்று யாரும் பார்த்ததில்லை. இப்போது மேனேஜரே வாசலில் காத்துக் கிடக்கிறார். அதை ஒரு மெக்கானிக்குக்காக விட்டுக்கொடுக்க அக்காவுக்குப் பைத்தியமா?

அப்போதுதான் தங்கைக்கு இடுப்பு ஆபரேஷன் என்று வந்தது. தங்கைக்கு அக்காவை விட்டால் வேறு நாதியில்லை. அக்கா பத்து நாள் லீவு கேட்டார்.

"நீங்க போயிட்டா இதை யார் மேடம் எழுப்புறது?"

"பியூன் அண்ணனுக்குச் சொல்லித் தரேன் சார்."

"ஐயோ, நான் புள்ளகுட்டிக்காரன்!" என்று பியூன் நழுவினார்.

லீவு கிடையாது என்றதைக் கேட்டு, "பரவாயில்லக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள் தங்கை போனில். இடுப்பெலும்பை மாற்றப்போகிறவள் எதைப் பார்த்துக்கொள்வாள்?

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் பெட்டியை அணைத்து, ரீசெட் ஒயரைப் பிடுங்கி அந்தக் கம்பிகளில் மாட்டினார். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மேனேஜர் வந்து அந்தக் குட்டி ரீசெட் பட்டனை அமுக்க, பெட்டி எழுந்தது.

"இவ்வளவுதானா மேடம்?"

"இவ்வளவுதான் சார்" என்ற அக்காவுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நாளுக்கு நாற்பது தடவை போனைப் பார்த்தார்.

"யார் போனுக்குக் காத்திருக்க?" என்றாள் தங்கை.

"ஆபீஸ்ல நான் இல்லாம திண்டாடுவாங்கடி."

பத்து நாளும் ஒரு போன் வரவில்லை. தங்கை கைத்தாங்கலாக நாலடி நடந்தாள். அந்தச் சந்தோஷத்திலும் அக்காவுக்கு அந்த முள் உறுத்திக்கொண்டேயிருந்தது.

திரும்பி வந்த அன்று கம்ப்யூட்டர் முன்னமே ஓடிக்கொண்டிருந்தது. "இப்பல்லாம் நான்தான் ஆன் பண்றேன்க்கா" என்று பியூன் நெஞ்சை நிமிர்த்தினார். மேனேஜர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தங்கை இருக்கிறாளா செத்தாளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அக்கா போகவில்லை.

மூன்று மணிக்கு அவர் பெட்டியைத் தடவிப் பார்த்து, "ரொம்பச் சுடுதுண்ணே. ஒரு தடவை அணைச்சுப் போடுங்க" என்றார். பியூன் அணைத்தார். பிறகு பட்டனை அமுக்கினார். அமுக்கினார். கட்டைவிரல் சிவக்கும்வரை அமுக்கினார். வாசலில் மனுக்களோடு ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"மேடம்... வந்து... உங்க தங்கச்சி எப்படி இருக்காங்க?"

அக்கா கொண்டையிலிருந்து ஊசியை உருவினார்.

"நல்லா இருக்கா சார். தள்ளி நில்லுங்க."