பெண் பக்கம் எடுப்பவள்

வருடக் கடைசியில் ஸ்டுடியோவில் ஒரு வேலை உண்டு. அந்த வருடம் எடுத்த கல்யாணங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் திறந்து, கண்ணை இழுத்து நிறுத்தும் படங்களாகப் பொறுக்கி, ஒரு மாதிரி ஆல்பம் போடுவார்கள். அடுத்த வருடம் விசாரிக்க வருகிறவர்கள் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். புருஷனும் பெண்டாட்டியும் நாற்காலிகளை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், இந்த மாமியார் முறைக்கிறாள் வேண்டாம் என்று ஒருவரும், முறைப்புதான் அழகு இருக்கட்டும் என்று மற்றவருமாக, சண்டையும் சிரிப்புமாய்ப் பொழுது போவதே தெரியாது. இந்த வருடமும் நாற்காலிகள் ஒட்டித்தான் கிடந்தன. பேச்சு மட்டும் "இது", "சரி", "அடுத்தது" என்பதோடு நின்றுபோயிருந்தது.

மவுஸ் அவள் கையில் இருந்தது. கல்யாண வீடுகளில் அவளைப் போட்டோக்காரி என்பார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. பக்கத்தில் அவளுடைய போன் குப்புறக் கிடந்தது. சாயங்காலத்துக்குள் அவள் ஒரு பாத்திரக் கடை முதலாளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தது அக்கா. பெரிய கடை, இப்போது வலைத்தளத்திலும் விற்கிறார்கள். சட்டி, பானை, கரண்டி எல்லாவற்றையும் வெள்ளைத் துணிமேல் வைத்துப் படம் எடுக்க நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும். பத்து மணிக்குப் போனால் ஐந்து மணிக்கு வீடு. ஞாயிறு விடுமுறை. "கரண்டி அழாது, சிரிக்காது, அலங்காரம் முடியலன்னு லேட்டா வராது," என்று அக்கா சொன்னாள். "உடம்பைப் பாரு உனக்கு. கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போய்க் கெடக்கு."

ஆனால் அவளுக்கு விஷயம் ஞாயிற்றுக்கிழமை அல்ல. கல்யாண வேலையை விட்டால் புருஷனையும் விட்டதாகத்தான் ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இருவரையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த வேலை ஒன்றுதான். அதனால் தனக்குள்ளேயே ஒரு முடிவு கட்டி வைத்திருந்தாள். அவன் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும். பாத்திரக் கடைக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிடலாம். "பார்த்தேன்" என்ற வார்த்தை. வருடம் முழுக்க அதற்காகத்தான் காத்திருந்தாள்.

இருவரும் ஒரே ஸ்டுடியோவில் விளக்குப் பிடித்துத் தொழில் கற்றவர்கள். அப்போதே வா, போ என்று பேசிப் பழகியதால் கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே விட்டுவிட்டார்கள். மாமியார் மட்டும் அதைக் கேட்கும்போதெல்லாம் காதில் ஈயம் விழுந்தது போல முகத்தைச் சுளிப்பாள். தனியாகக் கடை போட்டதும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பெண் பக்கம் அவள், மாப்பிள்ளை பக்கம் அவன். புருஷன் பெண்டாட்டியாகவே வந்து எடுப்பார்கள் என்பதற்காகவே தேடி வந்தவர்கள் உண்டு.

ஆரம்பத்தில் ஓர் ஆல்பத்தை வாங்கிய பெண்ணின் அம்மா, பல படங்களில் ஓரமாகத் தெரிந்த ஒரு சட்டையைக் காட்டி, இந்த முதுகு யாருடையது, மாப்பிள்ளை வகையில் உறவா என்று கேட்டாள். அது இவனுடைய முதுகுதான். அன்று போட்டோக்காரி ஒரு விதி போட்டாள். இரண்டு பேரில் ஒருவர் தரையில் உட்கார்ந்தால், தாழ்வான கோணம் பிடிக்கிறார் என்று அர்த்தம். மற்றவர் கேள்வி கேட்காமல் விலகிவிட வேண்டும். அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவர்கள் முட்டிக்கொண்டதில்லை. இடிக்கிறவன் வீடியோக்காரன் ஒருவன்தான். ஆள் நெட்டையாக இருந்ததாலும், எல்லோருடைய படத்துக்கும் நடுவில் நட்டுவைத்தது போல நின்றதாலும் அவனுக்குக் கம்பம் என்று பெயர்.

அந்தக் கல்யாணம் நடந்தது வருடத் தொடக்கத்தில். அவளுக்கு அப்போது நான்காம் மாதம். அக்கா போகாதே என்றாள். நிற்கிற வேலைதானே என்று போட்டோக்காரி கிளம்பிவிட்டாள். மதியத்திலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்தது. வாயு என்று நினைத்து ஒரு சோடாவைக் குடித்துவிட்டு மேடை ஏறினாள். பெண்ணை அனுப்பிவைக்கும் நேரத்துக்கு மண்டப வாசலில் கார் வந்து நின்றது. காலையிலிருந்து பந்தியில் எல்லோரையும் கேலி செய்துகொண்டு திரிந்த பெண்ணின் அப்பா, கார்க் கதவைப் பிடித்தபடி பேச்சில்லாமல் நின்றார். அவர் உடையப் போகிறார் என்று இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் சொல்லிவிடுவார்கள். அப்போதுதான் அவளுக்கு வயிற்றுக்குள் ஏதோ அறுந்தது போல இருந்தது. செருப்பு விடும் இடத்துத் தூணோடு முதுகு தேய்ந்து கீழே இறங்கினாள்.

காருக்கு அந்தப் பக்கம் நின்ற புருஷன் கண்ணிலிருந்து கேமராவை இறக்கினான். அவளைப் பார்த்தான். கண்ணும் கண்ணும் சந்தித்தன. பிறகு அவன் இடது பக்கமாக விலகிப் போனான். அந்த வலியிலும் அவளுக்கு ஓடிய நினைப்பு, வழி விடுகிறான் என்பதுதான்.

அதன் பிறகு கம்பம்தான் அவளை மிதிக்கப் பார்த்து, குனிந்து, கத்தி, தூக்கிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். உள்ளே எல்லாம் ஏற்கெனவே முடிந்திருந்தது; முன்னால் வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது; யார்மேலும் பழி இல்லை. புருஷன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான் பாக்கவே இல்ல. கூட்டம் மறைச்சிடுச்சு," என்றான்.

மயக்கம் தெளிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தாள். ஆனால் அவன் அதையே அக்காவிடம் சொன்னான், தன் அம்மாவிடம் சொன்னான், கம்பத்திடம் சொன்னான். சொல்லிச் சொல்லி வார்த்தை வழவழப்பாகிவிட்டது. பார்த்தேன், நீ படம் எடுக்கிறாய் என்று நினைத்தேன் என்று சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? விதி போட்டவளே அவள்தானே. தன் தலையில்தான் அடித்துக்கொண்டிருப்பாள். அவன் ஏன் பொய் சொன்னான் என்பதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் இருவரும் ஒரு தீர்மானம் செய்தார்கள். இனிமேல் ஓடக் கூடாது. இரண்டு கல்யாணம் எடுத்தால் ஒரு வாரம் வீட்டில் இருக்க வேண்டும். சூடாகச் சாப்பிட வேண்டும். நல்ல தீர்மானம். முதல் வாரமே அவன் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஒப்புக்கொண்டு வந்தான். அடுத்த வாரம் அவளே ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டாள். வீட்டில் எதிரெதிரே உட்கார இருவருக்கும் பயமாக இருந்தது. அப்படியாக அந்த வருடம் அவர்கள் அதுவரை எடுத்ததிலேயே அதிகமான கல்யாணங்களை எடுத்தார்கள். காரிலேயே தூங்கினார்கள். பந்தி முடிந்து மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டார்கள். அலங்கார அறையில் பெண்ணின் அத்தைமார்கள் அவளைப் பிடித்து வைத்துக்கொண்டு, உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். இன்னும் இல்லை என்பாள். இன்னும் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் அடுத்த கேள்வி வராது என்று கற்றுக்கொண்டாள்.

வேலை மட்டும் முன்னைவிட நன்றாக நடந்தது. அதுதான் கொடுமை. யார் எங்கே நிற்கிறோம் என்று திரும்பிப் பார்க்காமலே இருவருக்கும் தெரிந்தது.

மாதிரி ஆல்பத்துக்குப் பொறுக்கிக்கொண்டு வந்ததில் அந்தக் கல்யாணமும் வந்தது. அவள் அதுவரை அந்தப் படங்களைத் திறந்ததே இல்லை. ஆல்பம் போட்டுக் கொடுத்ததெல்லாம் அவன்தான். தாண்டிப் போய்விடலாம் என்று அவன் கையை நீட்டினான். அவள் மவுஸைக் கொடுக்கவில்லை.

கார்க் கதவுப் படம் வந்து நின்றது. பெண்ணின் அப்பா வாயைக் கோணலாக இறுக்கிக்கொண்டு நிற்கிறார். சிரித்துப் பழகிய முகம். அழத் தெரியாமல் சிரிப்பிலேயே அழுகிறது. காருக்குள்ளிருந்து பெண்ணின் கை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்திருக்கிறது. வெளிச்சம் வாசல் பக்கத்திலிருந்து ஒரு கன்னத்தில் மட்டும் விழுகிறது. அந்த வருடம் முழுக்க இருவரும் எடுத்ததில் அதற்குப் பக்கத்தில் வைக்க ஒரு படம் இல்லை. யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்பதையெல்லாம் தள்ளிவிட்டு அவள் கண் முதலில் அதைத்தான் சொன்னது.

"இதை வைக்கலாம்," என்றாள்.

"வேண்டாம்."

"ஏன்?"

"சுமாரா இருக்கு."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். நல்ல படத்தைச் சுமார் என்று அவன் ஜென்மத்தில் சொன்னதில்லை. சுமாரான படத்தைக்கூட நல்ல படம் என்று வாதாடுகிற ஆள்.

"நீ அன்னைக்கு என்னைப் பார்த்த," என்றாள்.

"யார் சொன்னா? கம்பமா?"

"யாரும் சொல்லல. நானும் உன்னைப் பார்த்தேன்."

அவன் மேசைமேல் இருந்த லென்ஸ் மூடியை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தான். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, பாஸ்போர்ட் போட்டோ கிடைக்குமா என்று கேட்டார்கள். இருவரும் பதில் சொல்லாமல் இருந்ததில் அந்த ஆள் போய்விட்டார்.

"பார்த்தேன்," என்றான்.

அவளுக்கு நெஞ்சில் அடைத்திருந்தது நிஜமாகவே இளகியது. பாவம், இதைச் சொல்ல முடியாமல்தானா இவன் இத்தனை மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான் என்று இரக்கம்கூட வந்தது. மீதியையும் அவனுக்காக அவளே சொன்னாள்.

"நான் கீழ உக்காந்து எடுக்கறேன்னு நினைச்ச. நாம பேசி வச்ச மாதிரி விலகின. அவ்வளவுதானே? இதைச் சொல்றதுக்கு ஒரு வருஷமா?"

அவன் தலையை ஆட்டினால் போதும். ஆட்டத்தான் பார்த்தான், தாடை கொஞ்சம் இறங்கியது. பிறகு அப்படியே நின்றது.

"இல்ல," என்றான். "கேமரா உன் கையில இல்ல. பக்கத்துல தரையில கிடந்துச்சு. நீ கேமராவைத் தரையில வைக்கற ஆளா?"

அவளுக்கு அது நினைவில்லை. கேமரா கையில் இருந்ததாகத்தான் இத்தனை நாளும் மனத்துக்குள் அந்தக் காட்சியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஏன் விலகின?"

அவன் திரையைப் பார்த்தான். "அங்கேருந்து அவர் முகம் சரியா கிடைக்கல."

ஸ்டுடியோவின் பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவன் இப்போது நிறுத்த முடியாதவன் போலச் சொல்லிக்கொண்டே போனான். ஒரு படம், எடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்றுதான் நினைத்தான். எடுத்தான். அதற்குள் பெண் திரும்பினாள். பிறகு பெண்ணின் அம்மா வந்து கட்டிக்கொண்டாள். பிறகு கார் நகர்ந்தது, அந்த மனிதர் காரோடு கூடவே நடந்தார்.

"அதுக்கப்புறம் உன்னை மறந்தே போயிட்டேன்," என்றான். "சத்தியமா. கம்பம் கத்தினப்பதான் ஞாபகம் வந்துச்சு."

போட்டோக்காரி அவனை ராட்சசன் என்று நினைக்கவில்லை. அப்படி நினைக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணைக் கேமராவில் வைத்தால் உலகம் எப்படிச் சுருங்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்த வருடமே ஒரு வரவேற்பில் பெண்ணின் அத்தை தேம்பித் தேம்பி அழுததை ஓடி ஓடி எடுத்தாள். சாவுச் செய்தி வந்து அழுகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அந்தப் படங்களை அழிக்கவில்லை. இவன் கீழே விழுந்து, அவள் காருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தால்? ஒரு வருடமாக அவள் தன்னை ஒரு தப்பை மன்னிக்கத் தயார் செய்துகொண்டிருந்தாள். வந்து நின்றது வேறொன்று.

"முன்னாடியே தூக்கிட்டுப் போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க," என்றாள்.

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "ஆமா. அவங்களே சொன்னாங்களே."

"அது குழந்தைக்கு."

அவள் படத்தை மாதிரி ஆல்பத்துக்கான கோப்பில் போட்டாள். முதல் பக்கத்துக்கு இதுதான் சரியாக இருக்கும், வெட்ட வேண்டாம், முழுசாகப் போடு என்றாள். குரலில் கோபம் இல்லை. தினமும் சொல்வது போலத்தான் சொன்னாள். மீதி இருந்த கல்யாணங்களையும் திறந்து, பொறுக்கி முடித்தார்கள்.

பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பாத்திரக் கடை முதலாளியைக் கூப்பிட்டாள். அவர் எதையோ மென்றுகொண்டே பேசினார். திங்கட்கிழமையே வந்துவிட முடியுமா என்று கேட்டார். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கல்யாணங்கள் இன்னும் சில இருக்கின்றன, நாள் குறித்துவிட்டவர்களைக் கைவிட முடியாது, அவற்றை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். அவரும் சரி என்றார். அடுத்து அக்காவைக் கூப்பிட்டு, மாடியறை காலியாகத்தானே இருக்கிறது என்று கேட்டாள். அக்கா காரணம் கேட்கவில்லை. பெட்டிகளை எடுத்து ஒதுக்கி வைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலமே ஒரு வரவேற்பு இருந்தது. ஒரே காரில் போனார்கள். பெண் பக்கம் அவள், மாப்பிள்ளை பக்கம் அவன். பெண்ணின் தோழிகள் மேடையேறி ஆடினார்கள், ஒரு மாமா எல்லாக் குழுப் படத்திலும் வந்து நின்றார், போட்டோக்காரி எல்லாவற்றையும் எடுத்தாள். வழக்கம்போல யாரும் யாரோடும் முட்டிக்கொள்ளவில்லை.

கம்பம் அவள் காதருகே குனிந்தான். "என்னக்கா, அண்ணன் மேடைய விட்டுட்டு உங்களையே பாத்துக்கிட்டு நிக்கறாரு? இன்னைக்கு அவருக்கும் புதுசா கல்யாணமா?"

அவள் திரும்பினாள். நிஜம்தான். கேமராவை நெஞ்சளவில் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு மேலாக, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நகர்ந்தால் அவன் முகமும் நகர்ந்தது.

நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

"என்னைப் பாக்காத," என்றாள். "மாப்பிள்ளையோட அம்மா கண்ணைத் தொடைக்கறாங்க. அதை எடு."

அவன் கேமராவைத் தூக்கினான். அதற்குள் அந்த அம்மாள் கைக்குட்டையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.