டெய்லரின் கண்ணளவு

டெய்லருக்குத் தன் கண்ணளவின் மேல் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. டேப்பைத் தொடாமலே, வாசலில் வரும் ஆளைப் பார்த்து இடுப்பளவு சொல்லிவிடுவார். அதிலும் வீட்டுக்காரிக்கு டேப் வைத்ததே கிடையாது. கல்யாணமான புதிதில் மனதில் பதிந்த அளவுதான். அதை வைத்தே இத்தனை வருஷமும் அவளுக்குக் கவுன் தைத்தார். கட்டினவளுக்குப் போய் டேப் வைப்பாராக்கும்!

அப்படித் தைத்த புதுக் கவுன் ஒன்று ஒருநாள் தரையில் புரண்டது.

"என்னங்க, போட்டுக்கத் தைச்சீங்களா, வீடு கூட்டத் தைச்சீங்களா?" என்று அவள் சிரித்தாள்.

இவருக்குச் சுருக்கென்றது. ஓரத்தை மடித்துத் தைத்தார். பழைய கவுன்களும் இழுபட்டபோது, துவைத்துத் துவைத்துத் துணி தொய்ந்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்த கவுனைக் கொஞ்சம் குட்டையாக வெட்டினார். கொஞ்ச காலத்தில் அதுவும் தரை தொட்டது. மனுஷன் ஆடிப்போய்விட்டார். கண் போய்விட்டது, இனி ஊரார் துணியைப் பாழாக்கக் கூடாது என்று முடிவுகட்டி, கடையைக் காலி செய்யப்போவதாகக் கட்டடச் சொந்தக்காரரிடமும் சொல்லிவிட்டார்.

அந்த வாரமே, தண்ணீர் வாளியைத் தூக்கிய மனைவி "ஐயோ, முதுகு!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். "எலும்பை நாம ஏதோ கட்டைன்னு நினைச்சுக்கறோம். அதுக்கு உயிர் இருக்கு. பழசைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுட்டு, அந்த இடத்துல புதுசு கட்டிக்கிட்டே இருக்கும், நாம தூங்கும்போதுகூட. வயசாக ஆக, அதுவும் மாதவிலக்கு நின்ன பொம்பளைங்களுக்கு, கரையற வேகத்துக்குக் கட்ட முடியறதில்ல. உள்ளுக்குள்ள சல்லடையாயிடும். வெளியில ஒண்ணும் தெரியாது."

டெய்லர் வாய் பிளந்து பார்த்தார். அம்மாடி, தோலுக்கு அடியில் இப்படி ஓயாமல் ஒரு வேலையா! மூன்று பிள்ளைகளைச் சுமந்ததும், துணி மூட்டையை மாடிக்கு ஏற்றியதும், அவர் காய்ச்சலில் கிடந்தபோது தாங்கிப் பிடித்ததும் இந்த மெல்லிய எலும்புகள்தானா? அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில் நிற்பவரைப் போலக் கைகள் தானாகக் குவிந்தன.

டாக்டரம்மா முதுகெலும்பில் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "இது இப்ப நசுங்கினது. மேல இருக்கிற ரெண்டும் எப்பவோ நசுங்கியிருக்கு. உயரம் குறைஞ்சிருக்குமே, வீட்ல யாரும் கவனிக்கலையா? பரவாயில்ல. மருந்து இருக்கு, சத்தா சாப்பிட்டு நடந்தா மிச்சத்தைக் காப்பாத்திடலாம்."

வெளியே வந்ததும் மனைவி, அந்த வலியிலும் முகம் மலர்ந்தாள். "கேட்டீங்களா? குறைஞ்சது நான்தான். உங்க கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல. கடையை மூட வேணாம்!"

டெய்லருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அட, சந்தோஷப்பட வேண்டியதுக்கு ஏங்க அழறீங்க?"

"கவுன் இழுபடுதுன்னு முதல்ல பார்த்தவன் நான்தானே? அன்னிக்கே உன்னை அளந்து பார்த்திருக்கணும். நான் துணியை வெட்டிக்கிட்டே இருந்துட்டேனே!"