ஜூனிப்பருக்கு ஹீட்டர் காட்டியவன்

1. பன்னிரண்டு நாள் விருந்தாளி

ஜூனிப்பர் மரம் செத்த பிறகும் ஆறு வாரம் பச்சையாகவே நிற்கும். இந்தத் திறமையை மனிதர்களில் சில மேனேஜர்களிடம்தான் பார்த்திருக்கிறேன். கொன்றேனா இல்லையா என்று தெரியாமல் ஒரு மரத்தின் முன்னால் ஒரு குளிர்காலம் முழுக்க நின்ற அனுபவம் எனக்கு உண்டு. இத்தனை வருடம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் கை பரபரக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மனைவிக்கு நியூ ஜெர்சியில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவளுடைய கிரீன் கார்டின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் வந்து சேர்ந்தேன். திருச்சியில் பதினேழு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு இங்கே வேலை கொடுத்தது ஒரு பொன்சாய் நர்சரி. பெரிய மரத்தின் தோற்றம் குறையாமல், முழங்கால் உயரத்தில், தட்டையான தொட்டிக்குள் மரம் வளர்க்கும் இடம். உரிமையாளர் ரஞ்சினி யாழ்ப்பாணத்துக்காரர், விவசாயம் படித்தவர், என்னைவிட எட்டு வயது இளையவர். என்னை ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் அண்ணைதான். அப்போது மரியாதை கொஞ்சம் கூடுதலாக வலிக்கும்.

வாடிக்கையாளர்கள் குளிர்காலத்துக்குத் தங்கள் மரங்களை எங்களிடம் விட்டுப் போவார்கள். ஹீட்டர் இல்லாத ஷெட்டில், தொட்டிகளை மரப்பட்டைத் தூளுக்குள் புதைத்து, காற்று அடிக்காமல் ஏப்ரல் வரை வைத்திருப்போம். ஓவர்விண்டரிங் என்று பெயர். டாக்டர் சீனிவாசனின் ஜூனிப்பரும் அப்படித்தான் வந்தது. அறுபது வயது மரம். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு ஜப்பானியர், இறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் கையில் கொடுத்தது.

“இத ஒண்ண மட்டும் நல்லா பாத்துக்கோங்க சார். அவரத்தான் என்னால காப்பாத்த முடியல” என்று சொல்லிவிட்டு டாக்டர் காரில் ஏறினார்.

ஜனவரியில் ரஞ்சினி ஒரு கல்யாணத்துக்காக டொராண்டோ போனார். நர்சரி என் பொறுப்பு. அவர் கிளம்பிய அன்றே டி.வி.யில் கடுங்குளிர் வருகிறது என்றார்கள். நம் முன்னோர் முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவம் வகுத்து வைத்தார்கள். வகுத்தவர்கள் யாரும் நியூ ஜெர்சிப் பக்கம் வந்ததில்லை. ஷெட்டுக்குள் போன இரண்டாம் நிமிடம் என் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அறுபது வயது ஜீவன் மரத்தூளுக்குள் கால் புதைந்து நிற்கிறது. எனக்குத் தாங்கவில்லை.

என் தோட்டக்கலைப் பயிற்சி பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் ஒரு கறிவேப்பிலைச் செடி கட்டாயம் இருக்கும். அக்டோபர் பிறந்ததும் அதை வீட்டுக்குள் எடுப்பது எங்களுக்கு ஒரு பண்டிகை. ஜன்னலோரம், ஹீட்டர் பக்கத்தில், தனி ஸ்டூல், வெதுவெதுப்பான தண்ணீர். பிள்ளைக்கு ஸ்வெட்டர் போட மறந்தாலும் கறிவேப்பிலையை மறக்கமாட்டோம். என் பயிற்சி மொத்தமும் இவ்வளவுதான்.

மரத்தைக் காரில் ஏற்றி, சீட் பெல்ட் மாட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். யார் இது என்று மனைவி கேட்டாள். டாக்டரோட மரம், பாவம், குளிருது என்றேன்.

“அது சொல்லிச்சா?” என்றாள்.

பன்னிரண்டு நாள் வைத்திருந்தேன். பத்தாம் நாள் ஹீட்டரைப் பார்த்திருந்த கீழ்க்கிளை சூட்டில் கருகிப் பழுப்படித்தது. நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தில் ப்ரூனிங், அதாவது கிளை கத்தரிப்பது பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. ஆயுளில் நான் படிக்காமல் படம் மட்டும் பார்த்த ஒரே அத்தியாயம் அதுதான். கத்தரிக்கோலை எடுத்துப் பழுப்பை முழுக்க வெட்டினேன். எடுத்த கை சும்மா இருக்குமா? மற்ற கிளைகளின் நுனிகளையும் மீசை திருத்துவதுபோல ஒரே மட்டமாகத் திருத்தினேன். எட்ட நின்று பார்த்தேன். அழகு.

2. ரஞ்சினி ஷூவோடு உள்ளே வந்தார்

திரும்பி வந்த ரஞ்சினி, ஷெட்டில் ஒரு குழி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு மரம் எங்கே என்றார். பெருமையாகச் சொன்னேன். அடுத்த இருபதாவது நிமிடம் எங்கள் ஹாலில் நின்றார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நம் ஆட்கள் வீட்டில் அது ஆம்புலன்ஸ்காரர்களுக்கு மட்டும் உள்ள சலுகை.

“அண்ணை, இது திருச்சியுமில்லை, யாழ்ப்பாணமுமில்லை. குளிர்நாட்டு மரம். வின்ரரிலை நித்திரை கொள்ளோணும். நித்திரையா இருந்த மனுசனைத் தட்டி எழுப்பி, நெருப்புக் காட்டி, தலைமயிரும் வெட்டி விட்டிருக்கிறியள்.”

“திரும்ப ஷெட்ல வெச்சிடறேன்.”

“வையுங்கோ. இண்டைக்கே செத்துப்போம்.”

சூட்டிலிருந்து நேரே உறைகுளிருக்குப் போனால் மரம் தாங்காதாம். முதலில் ஹீட்டர் இல்லாத பின்வாசல் அறை, பிறகு கராஜ், பிறகுதான் ஷெட், ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் என்று படிப்படியாக இறக்கச் சொன்னார். ப்ரூனிங் பாடமும் அங்கேயே நடந்தது. ஜூனிப்பரை மட்டமாக வெட்டினால் வெட்டிய முனையெல்லாம் துருப்பிடித்ததுபோல ஆகிவிடும். நீண்ட தளிரை மட்டும் பார்த்து, அது பிரிகிற இடத்தில், ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அதுவும் மரம் வளரும் காலத்தில். எல்லாவற்றையும்விட முக்கியம், கிளையில் கொஞ்சமாவது பச்சை விட்டுவைப்பது. பச்சை முழுக்கப் போன கிளை மறுபடி துளிர்க்காது. கீழ்க்கிளையில் நான் ஒரு பொட்டுப் பச்சை விட்டிருக்கவில்லை.

மற்ற கிளைகள் பச்சையாகத்தானே இருக்கின்றன என்றேன். ஆறு வார விஷயத்தை அப்போதுதான் சொன்னார்.

“டொக்டருக்கு நீங்கள்தான் சொல்லோணும். நான் சொல்லமாட்டன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போனை நான்கு முறை எடுத்தேன். நான்கு முறையும் வைத்தேன்.

3. சுரண்டல்

பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் அடியில் பச்சை தெரிய வேண்டும். தெரிந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. பிப்ரவரியில் ஒருநாள் சுரண்டினேன். பச்சை. மறுநாள் இன்னோர் இடம். மூன்றாம் நாள் ரஞ்சினி என் கையைப் பிடித்து நிறுத்தி, இந்த மரத்தைக் கொல்ல இனிக் குளிர் தேவையில்லை, உங்கள் நகமே போதும் என்றார்.

ஏப்ரலில் ஒரு காலை. நுனியில் கடுகளவு இளம்பச்சை. கண் ஏமாற்றுகிறதோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பக்கத்துக் கிளையில் ஒன்று. மேலே மூன்று. அப்புறம் மரம் முழுக்க! ஷெட்டிலிருந்து ஆபீஸ்வரை ஓடினேன், நாற்பத்து நான்கு வயதில், ரப்பர் பூட்ஸோடு. போனில் பேசிக்கொண்டிருந்த ரஞ்சினி என் முகத்தைப் பார்த்ததும் எதிர்முனையில் இருந்தவரிடம் ஒன்றும் சொல்லாமல் ரிசீவரை வைத்துவிட்டு என்னை முந்திக்கொண்டு ஓடினார். இருவரும் அந்தத் தொட்டியின் முன்னால் மூச்சு வாங்க நின்றோம்.

கீழ்க்கிளை மட்டும் போய்விட்டது. ரஞ்சினி அதன் பட்டையை உரித்து, மின்னல் தாக்கிய மரம்போல வெள்ளையாக்கினார். பொன்சாயில் அதை ‘ஜின்’ என்பார்கள்.

4. டாக்டர்

மரத்தை எடுத்துப்போக டாக்டர் வந்ததும் கண்ணில் பட்டது அந்த வெள்ளைக் கிளைதான். சொக்கிப்போனார். பிரமாதம், யார் ஐடியா என்று கேட்டார். ரஞ்சினி கூரையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் கலைஞன்.

“ஐடியா இல்ல டாக்டர். அது நான் கொன்ன கிளை” என்றேன். கறிவேப்பிலை ஸ்டூலிலிருந்து கத்தரிக்கோல்வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அந்தக் கிளையை அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவினார்.

“முப்பது வருஷமா பேஷண்ட் ஃபேமிலிகிட்ட பேட் நியூஸ் சொல்லிட்டிருக்கேன். இவ்ளோ ஸ்ட்ரெய்ட்டா நான் ஒருதடவகூட சொன்னதில்ல” என்றார். திட்டா பாராட்டா என்று தெரியவில்லை. மரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ரயிலில் எதிர்சீட்டுக்காரரிடம் முதல் கேள்வியாக எந்த ஊர் என்று கேட்கிறோமே, அதை மரத்திடமும் கேளுங்கள். பரிதாபப்படுவது அதற்கப்புறம்.

கோடை முழுக்க டாக்டரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நவம்பரில் அவர் கார் வந்து நின்றது. ரஞ்சினி வாசலில்தான் இருந்தார். டாக்டர் அவரைத் தாண்டி உள்ளே வந்து ஜூனிப்பர் தொட்டியை என் கையில் கொடுத்தார். தண்டில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. தமிழில் எழுதியிருந்தார்: ‘வெளியிலேயே இருக்கட்டும். யாருக்குப் பாவமாக இருந்தாலும் சரி.’