கவுன்சிலர் எழுந்து நிற்கிறார்

அறைக் கதவு திறந்தால் போதும், எழுந்துவிடுவார். வருவது தாளாளரா, தண்ணீர் கேன் போடுகிறவரா என்று பார்ப்பதில்லை. முழங்கால் சடக்கென்று சத்தமிடும். "ஓட்டுக் கேட்ட உடம்புய்யா, உட்காரச் சொன்னாலும் உட்காராது" என்று பேராசிரியர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

சட்டக் கல்லூரியின் நிர்வாக அதிகாரி ஆவதற்கு முன் அவர் நகர கவுன்சிலர். அப்போதும் இப்படித்தான், வீட்டு வாசலில் யார் வந்தாலும் எழுந்து நிற்பார். மனு எழுதிக்கொண்டு போனால் வாங்கமாட்டார். "நமக்குள்ள என்னங்க காகிதம்? நான் சொன்னா சொன்னதுதான்." ஜனங்கள் அதில் சொக்கிப்போனார்கள். சொன்னது எதுவும் நடக்காமல் போகவே, அடுத்த தேர்தலில் கவிழ்த்தும் விட்டார்கள். பழைய பழக்கத்துக்காகத் தாளாளர் இங்கே வேலை கொடுத்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்பதுதான் அவர் கொடுத்த ஒரே பயிற்சி. அன்றிலிருந்து விடுப்பு கேட்டு வந்தாலும், குழாய் ஒழுகுகிறது என்று வந்தாலும் ஒரே பதில்: "எழுத்துல கொடுங்க."

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு மட்டும் அது சுருக்கென்று தைக்கும். சாலையை அகலப்படுத்தியபோது அவளுடைய அப்பாவின் சாவிக்கடையை எடுக்கச் சொன்னவர் இவர். "கொஞ்ச நாள் பொறுங்கண்ணே. மார்க்கெட் முனையில இடம் வாங்கித் தர்றது என் பொறுப்பு" என்று தோளில் கைபோட்டுச் சொன்னார். அப்பா தன் கையாலேயே கடையைப் பிரித்தார். இப்போது யாருடைய கிடங்குக்கோ காவல் இருக்கிறார். சாவி வெட்டும் இயந்திரம் சாக்குக்குள், கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

"கவுன்சிலரப் பாத்தியாம்மா? ஏதாச்சும் சொன்னாரா?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றுவாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். இங்கே இடம் கிடைத்தது தன் மதிப்பெண்ணாலா, இவருடைய மனவுறுத்தலாலா என்று அவளுக்கே தெரியாது. கேட்கவும் பயம். நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டால், அப்பாவின் கடைக்கு அவர் பட்ட கடன் அதிலேயே கழிந்துபோகுமே?

கல்லூரி வாசலில் இருந்த நகல் எடுக்கும் கடை காலியானதும் துணிந்து அவர் அறைக்குப் போனாள். எழுந்தார். "வாம்மா. அப்பா சௌக்கியமா?"

"இருக்கார் சார். இன்னமும் உங்களைக் கவுன்சிலர்னுதான் சொல்றார்."

சிரித்தார். அந்த இடத்தை அப்பாவுக்குக் கொடுக்க முடியுமா என்று அவள் கேட்டதும் சிரிப்பு வடிந்தது. தாளாளரின் மைத்துனருக்கும் அதன்மேல் ஒரு கண் இருப்பதாக முணுமுணுத்தார். பிறகு பழக்கம் முந்திக்கொண்டது.

"எழுத்துல கொடும்மா."

"அப்பா அன்னிக்கே எழுதிக்கிட்டுதான் வந்தார் சார். நீங்கதான் வேணாம்னீங்க."

அவர் மெல்ல உட்கார்ந்தார். தண்ணீர் கேன்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நாற்காலிப் பிடியில் கைகள் ஊன்றின. உடம்பு எழவில்லை.