டிஸ்க்கின் உள்பக்கம்

பைக்கில் பிரேக் கோளாறு என்றால் அந்தத் தெருவில் எல்லோரும் அவர் கடைக்குத்தான் போவார்கள். ‘பிரேக் அண்ணன்’ என்ற பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. கூடப்பிறந்த தங்கையே சில சமயம் அப்படித்தான் கூப்பிடுவாள். வண்டி வந்ததும், சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் நகத்தால் ஒரு இழுப்பு இழுப்பார். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட் உரசி உரசித் தேய்ந்த டிஸ்க்கில், உரசாத ஓரம் மட்டும் வரப்பு மாதிரி மேடாக நிற்கும். நகம் அதில் இடறும். பிறகு மைக்ரோமீட்டரைப் பொருத்தி, எவ்வளவு கனம் மிச்சமிருக்கிறது என்று பார்ப்பார்.

கொஞ்ச காலமாக நகம் மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்தது. சர்க்கரை வியாதி கண்ணில் கைவைத்திருந்தது. மைக்ரோமீட்டரின் கோடுகள் ஈசல் மாதிரி மொய்த்தன. வெளியே தெரிந்தால் பிழைப்பு போச்சு என்று அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை; கடையின் பின்னறையில் துணி தைக்கும் மனைவியிடம்கூட.

ஒருநாள் மதியம், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, முன் பிரேக்க பிடிச்சா கரகரன்னு சத்தம் வருது.”

அவர் வெளிப்பக்கத்தைத் தடவினார். வழுவழுவென்று இருந்தது. மைக்ரோமீட்டரை வைத்து, பார்ப்பதுபோல் பார்த்தார்.

“டிஸ்க் இன்னும் ஓடும்மா. பேட் மட்டும் மாத்திடறேன்.”

நூல் கோத்தபடி வாசலுக்கு வந்த மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மைக்ரோமீட்டரில் அவர் பார்த்த பக்கத்தில் எண்ணே இல்லை.

“ஏங்க, அத இப்படிக் குடுங்க.”

“உனக்கெதுக்கு இது?”

“அளவு பாக்கறதுதானே என் வேலையும்?”

கல்யாணமான புதிதில் விளையாட்டாக அவரே கற்றுக்கொடுத்ததுதான். அவள் படித்தாள். “நாலு மில்லிதான் இருக்கு. நாலரைக்குக் கீழ போகக்கூடாதுன்னு டிஸ்க்லயே பொறிச்சிருக்கே!”

அவர் சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் விரல் வைத்தார். பேட்டைப் பிடித்து அழுத்தும் காலிப்பர் சிக்கிக்கொண்டு, பேட் அந்தப் பக்கத்தை மட்டும் உழுது வைத்திருந்தது. அவர் நர்ஸ் பக்கம் திரும்பினார்.

“நான் சொன்னது தப்பும்மா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல” என்றார்.

“இத எங்கிட்ட சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?” என்ற மனைவியின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

நர்ஸ் வண்டியை மறந்தேவிட்டாள். “டிஸ்க்குன்னா வேற வாங்கிக்கலாம் அண்ணே, கண்ண எங்க போய் வாங்கறது? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, நானும் வர்றேன்.”

சொன்னபடியே வந்தாள். ஒரு கண் மங்கியது மங்கியதுதான். இன்னொன்றைக் காப்பாற்றிவிட்டார்கள்.

அவர் பயந்ததுபோல் யாரும் கடையை விட்டுப் போகவில்லை. விரலால் தடவி அவர் சொல்வார், அளந்து அவள் சொல்வாள்; இருவர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் வண்டி வெளியே போகும். “அக்கா பாத்தாச்சா?” என்று வருகிறவர்கள் கேட்கும்போது அவருக்கு ரோஷம் வருவதில்லை, சிரிப்புதான் வருகிறது.

வேலை முடிந்த வண்டியை இப்போது அவள்தான் ஓட்டிப் பார்க்கிறாள். பின்னால் அவர் உட்கார்ந்து, பிரேக் பிடிக்கும்போது வரும் அதிர்வைக் கவனிக்கிறார். ஒருமுறை போகிற வழியில் அவள் தோளைத் தொட்டு, “நீ மட்டும் அன்னைக்கு வாசலுக்கு வரலேன்னா…” என்று ஆரம்பித்தார்.

“பேசாம உக்காருங்க. வளைவு வருது” என்றாள் அவள். ஆனால் தோளை நகர்த்திக்கொள்ளவில்லை.