ரெண்டு விரல் இடைவெளி

உதியன்குளங்கரையில் தகர ஷெட் போட்டு வெல்டிங் தொடங்கியவன் நான். மூன்றாம் கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொல்லயில் ஊர்ப் பக்கம் பாதி வீட்டுக் கேட்டும் கிணற்று மூடியும் என் கைவேலை. யாரும் சொல்லித் தராமலே முப்பதுக்கு மேல் சக்கர நாற்காலிகளை ஆளுக்குத் தக்கபடி அறுத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். நான் சொல்லாவிட்டால் இதை யார் சொல்லப் போகிறார்கள்?

போன வாரம் நெய்யாற்றின்கரையில் ஒரு மண்டபத்தில் சக்கர நாற்காலி வழங்கினார்கள். புது ரப்பர் மணம் வாசலிலேயே வந்தது. உள்ளே ஒரு பெண்பிள்ளை ஒவ்வொருவரையும் பலகையில் உட்காரவைத்து டேப்பால் அளந்தாள். நாற்காலியில் ஏற்றிய பிறகு, இடுப்புக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். அந்த ரெண்டு விரலை நான் படித்தது தங்கப்பனிடம்.

தங்கப்பன் தென்னை ஏறுகிறவன். ஒரு மழைநாளில் விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. யாரோ தானமாகத் தந்த நாற்காலி அகலம் கூடுதல், வாசலில் நுழையவில்லை. அவன் வெளியே வர வேண்டுமென்றால் மனைவி சரசம்மா தூக்க வேண்டும். ஒருத்தரும் தூக்காமல் தானே உருட்டி ஜங்ஷன் டீக்கடை வரை போக வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. வாசல்நிலையைப் பெயர்த்து அகலப்படுத்தலாம் என்றேன். நாள் பார்த்துப் பூசை செய்து நட்ட நிலையில் எங்கள் பக்கம் உளி வைக்கமாட்டார்கள்.

"நடையைத் தொடாத மக்கா, கசேரய அறு" என்றான்.

வாசலைத் தொடாமல் நாற்காலியை அறுத்தேன். குறுக்குக் கம்பிகளைக் குறைத்து, சீட்டுத் துணியை மடக்கித் தைத்தேன். வாசலை மூன்று தடவை அளந்தேன். தங்கப்பனை ஒரு தடவைகூட அளக்கவில்லை. நாற்காலி நூல் பிடித்ததுபோல் வெளியே வந்தது. டீக்கடையில் கண்டவரிடமெல்லாம் என் சாமர்த்தியத்தைச் சொன்னேன். "நான் தெங்கு மண்டையில இருந்தப்பகூட இத்தற பொங்கினதில்ல, இவன் தரையில நிண்ணு பொங்குதான்" என்று என் பீற்றலைக் கேட்டுத் தங்கப்பன் சிரித்தான். அப்படி அவன் சிரித்து அதற்கு முன் பல மாதம் ஆகியிருந்தது.

சில வாரம் கழித்து அவன் முண்டில் இரத்தக் கறையைச் சரசம்மா பார்த்தாள். இரண்டு பக்கத் தகடும் இடுப்பைத் தின்றிருந்தன. அவனுக்கு வலி தெரியாதே. நான் போனபோது கவிழ்ந்து படுத்திருந்தான். சரசம்மா சத்தம் போடாமல் என்னிடம் கேட்டாள்.

"அண்ணன் வாசலயாக்கும் அளந்தது. இருக்கப்பட்ட ஆள அளந்ததுண்டா?"

அவளே ஆசாரியை வரவழைத்து நிலையைப் பெயர்த்தெடுத்தாள். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

புண் ஆற ஓணம் வரை ஆயிற்று. பிறகு அவனைப் பலகையில் இருத்தி அளந்தேன். நாற்காலியை மறுபடி அகலப்படுத்தி, பக்கத்துக்கு ரெண்டு விரல் இடம் விட்டேன். மரமேறிய தோள் தாராளமாக வீச, முதுகுச் சாய்வைத் தாழ்த்தினேன். கட்டிலுக்குத் தானே நகர, ஒரு பக்கக் கைப்பிடியைக் கழற்றி மாட்டும்படி வைத்தேன். அவன் இன்னும் பல வருஷம் இருந்து ஓணம் உண்டான்.

ரோடு அகலமானதில் ஷெட் போயிற்று. தங்கப்பன் போனான், அந்த நாற்காலியும் எந்தப் பழைய இரும்புக் கடைக்கோ போயிற்று. மண்டபத்துப் பெயர்ப்பலகையில் தானம் தந்தவர்கள் பெயரெல்லாம் உண்டு. என் பெயரையும் எழுத வேண்டும், கேட்டு வாங்க எனக்கு வெட்கமில்லை. இந்தப் பக்கத்தில் முதலில் ஆளை அளந்து நாற்காலி செய்தவன் நான் என்று எழுதுங்கள். அதற்கு முன் ஒருவனை அளக்காமல் செய்தவனும் நான்தான் என்று கீழே எழுதுங்கள். பக்கத்தில் தங்கப்பன் பெயரும் வேண்டும்.