மூடாமல் விட்ட சிலுவை

சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர் மீ கோரெங் நூடுல்ஸில் மிளகாய்ச் சாஸை ஊற்றிவிட்டுப் புட்டியைக் கீழே வைக்கும் முன்பே லாசரஸ் கை நீட்டி மூடியைத் திருகிவிடுவார். ஊற்றியவர் நிமிர்ந்து முறைத்தால், "தொறந்தா மூடணும் லா" என்பார், திருச்சபைக் கட்டளைகளில் ஒன்றை நினைவூட்டுகிற குரலில். இரண்டாம் முறை சாஸ் தேவைப்படும் ஆசாமிகள் வேறு மேசைக்குப் போய்விடுவார்கள்.

மார்சிலிங்கில் அவர் குடியிருக்கும் மாடியில் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைப்பவர்கள், அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக் காவல் இருப்பார்கள். ஒரு நாள் பேருந்தில் எதிரே நின்ற அம்மாளின் கைப்பை வாய் பிளந்து கிடக்க, அதன் ஜிப்பை இழுத்து மூடப் போய், புக்கித் தீமா வரைக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். ஞாயிறு பூசைக்குத் தாமதமாகப் போனால் தொடக்கத்தில் போடும் சிலுவை அடையாளம் தப்பிவிடும். அன்றைக்குக் கடைசி ஆசீரின்போது எல்லோரும் சிலுவை போட, இவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். திறக்காததை எப்படி மூடுவது?

இந்த ஒழுக்கம் பிறவியில் வந்ததல்ல. இயந்திரம் கற்றுக்கொடுத்தது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில், அப்துல் கையூமின் அச்சகம் இருக்கிறது. அங்கே ஒரு குளிர்பதனப் பெட்டியின் பருமனில், ஒளியால் எழுத்துக் கோக்கும் இயந்திரம் ஒன்று எழுபதுகளின் கடைசியிலிருந்து லாசரஸை வேலை வாங்கி வருகிறது. அதன் திரையில் தமிழ் தெரியாது. பச்சை நிறத்தில் ஆங்கில எழுத்துகள் ஒன்றோடொன்று அர்த்தமில்லாமல் முட்டிக்கொண்டு ஓடும். அதைத்தான் லாசரஸ் தமிழ் என்று படிப்பார். நடுவே கட்டளைக் குறிகள் வரும். எழுத்துத் தடிக்க வேண்டுமானால் ஒரு குறி, போதும் என்றால் அதை மூடும் குறி. கட்டம் போட ஒன்று, கட்டத்தை நிறுத்த ஒன்று. மூட மறந்தால் இயந்திரம் கேள்வி கேட்காது. கடைசிப் பக்கம் வரைக்கும் தடித்துக்கொண்டே போகும்.

என்ன அடித்தோம் என்பது மருந்துத் தொட்டியிலிருந்து படத்தாள் ஈரத்தோடு வெளியே வரும்போதுதான் தெரியும். வாடிக்கையாளர்கள் வந்து, "எப்படி இருக்கும்னு கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டால் லாசரஸ் சிரிப்பார். "கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்னா அது தோமையார் வேலை. நாமல்லாம் பாக்காம நம்புறவங்க."

இப்படி நம்பித்தான் பங்குக் கோயிலின் வெள்ளிவிழா மலரை அவர் கோத்தார்.

மலரில் ஒரு பக்கம், மறைந்த பங்கு மக்களின் பெயர்கள். இறந்தவர் பெயருக்கு முன்னால் ஒரு சிறு சிலுவை போடுவது வழக்கம். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாகச் சிலுவை அடிப்பது அறிவுள்ளவன் செய்யும் வேலையல்ல என்று கருதிய லாசரஸ், ஒவ்வொரு வரியின் தலையிலும் தானாகவே சிலுவை விழும்படி ஒரு குறியைத் திறந்துவிட்டார். பெயர்கள் முடியும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எழுந்து போய்ச் சன்னல்களை மூடினார். தாள் அலமாரியை மூடினார். மை டப்பாக்களைக்கூட ஒவ்வொன்றாக மூடினார். திரும்பி வந்து அடுத்த பக்கத்தைத் தொடங்கினார். அது மலரின் கடைசிப் பக்கம், பாடகர் குழுவின் பெயர்ப் பட்டியல்.

படத்தாள் வெளியே வந்தபோது லாசரஸ் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. மேற்பார்வை பார்த்த கையூமுக்குச் சிலுவைகள் கண்ணில் படாமல் இல்லை. "கோயில் புஸ்தகம், சிலுவை இருக்கத்தானே செய்யும்னு நெனச்சேன்" என்று பிற்பாடு அவர் சொன்னார். பிற மதத்தாரின் நம்பிக்கைகளில் தலையிடக் கூடாது என்ற உயர்ந்த பண்பு அச்சுத்தொழிலில் எவ்வளவு ஆபத்தானது என்பது அன்றுதான் தெரிந்தது.

மலர் வெளியான மறுநாள் பாடகர் குழுத் தலைவி அல்போன்சம்மாள் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ளாமல் நேராக லாசரஸின் முன்னால் நின்றார்.

"தொட்டுப் பாருப்பா. சூடா இருக்கேனா, சில்லுனு இருக்கேனா?"

"அக்கா, மெஷினு..."

"மெஷினா என்னைய அடக்கம் பண்ணுச்சு? பெர்த்துலேருந்து மக போன் போட்டு அழுவுறா. போன எடுத்தது யாருன்னு கேக்குறா. நான்தான்டி எடுத்தேன்னா, நம்ப மாட்டேங்குறா."

"எம் பேருக்கும்தான்க்கா சிலுவ விழுந்திருக்கு."

அது உண்மை. லாசரஸும் குழுவில் பாடுகிறவர்தான். பட்டியலின் கடைசிப் பெயர் அவருடையது.

"உனக்கென்னப்பா" என்றார் அல்போன்சம்மாள். "பேரு லாசரு. பைபிள்ல வர்ற லாசரு மாதிரி, செத்த நாலாம் நாளு எந்திரிச்சி வந்துருவ. நாங்க எங்க போறது?"

பரிகாரமாக ஒரு திருத்தச் சீட்டு அச்சாகி, ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டுவது என்று முடிவாயிற்று. "பாடகர் குழுவினர் அனைவரும் நலமுடன் இருக்கிறார்கள்" என்பது வாசகம். அதையும் லாசரஸே, அதே இயந்திரத்தில், குறிகளை மறுபடி மறுபடி சரிபார்த்துக் கோத்தார். சீட்டு காய்ந்து, வெட்டி, கட்டுக் கட்டி வைத்த அன்று, குழுவில் தடித்த குரலில் பாடுகிற அருளானந்தம் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இருபது வருடமாக லாசரஸுக்குப் பக்கத்தில் நின்று பாடியவர். மலர் சரி, சீட்டு தப்பு என்றாகிவிட்டது. அச்சகத்தின் வரலாற்றில் திருத்தத்துக்கே திருத்தம் தேவைப்பட்டது அதுவே முதல் தடவை.

அடக்கத்தின்போது லாசரஸ் பாடவில்லை. வாய் திறந்தால் மூட வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. குழியை மூடி முடித்து எல்லோரும் போன பிறகும் அங்கேயே நின்றார். அவர் வாழ்நாளில், ஒன்று மூடப்பட்டதைப் பார்த்து நிம்மதியடையாமல் நின்றது அங்கேதான்.

அதற்குப் பிறகு பங்குக் கோயிலின் அச்சு வேலை வரவில்லை. பங்கோடு சேர்த்து வேறு சில வாடிக்கையாளர்களும் நழுவினார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: இப்போதெல்லாம் திரையிலேயே பக்கத்தைப் பார்க்கலாமாமே. கையூம் யோசித்தார். ஒரு மதியம் இரண்டு தே தாரிக் டீயை ரப்பர் வளையம் போட்ட பையில் வாங்கி வந்து, ஒன்றை லாசரஸிடம் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே, மெஷின் மாத்தணும். ரெண்டு இருக்கு. ஒன்னு இப்ப இருக்குற மாதிரியே, குறி போட்டு கோடு அடிக்கிறது, புது மாடல். இன்னொன்னு எல்லாத்தையும் படமா காட்டுது. நீங்க எதச் சொல்றீங்களோ அதான்."

"நான் எப்படி பாய் சொல்றது?"

"நீங்கதானே ஒக்காருறது." கையூம் கொஞ்ச நேரம் தே தாரிக்கை உறிஞ்சினார். பொய் சொல்ல வராத மனிதர். "மறைக்க மாட்டேன்ணே. கோடு மெஷின் வாங்குனா நீங்க இருப்பீங்க, ஆனா வேலை வராது. தீவாளி கார்டு வரைக்கும் கடை ஓடுனா அல்லாவோட கிருபை. படம் காட்டுற மெஷின் வாங்குனா வேலை வரும். ஆனா அத எம் மருமகளே பாத்துக்குவேங்குறா. ஒரு வாரம் பழகுனா போதுமாம்."

தன்னை எந்த வாசல் வழியாக அனுப்ப வேண்டும் என்று ஒரு தொழிலாளியிடமே கருத்துக் கேட்பது அந்தச் சந்தில் முன்னெப்போதும் நடந்திராத மரியாதை. லாசரஸ் அந்த மரியாதைக்குத் தகுந்தபடி, முழுப் பொறுப்போடு, ஒன்றும் முடிவெடுக்க முடியாமல் தவிக்கத் தொடங்கினார்.

முதலில் புனிதர்களிடம் போனார். படம் காட்டும் இயந்திரத்தைப் புனித அந்தோனியாரிடமும், குறி அடிக்கும் இயந்திரத்தை, கைவிடப்பட்ட காரியங்களுக்குப் பாதுகாவலரான யூதா ததேயுவிடமும் ஒப்படைத்து, இருவருக்கும் ஒன்பது நாள் செபமான நவநாள் செய்தார். முந்திப் பதில் தருபவர் வென்றவர். இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அடுத்து கிளமெண்டிக்குப் போனார். அங்கே அச்சகம் வைத்திருக்கும் இராமசாமி படம் காட்டும் இயந்திரத்தை வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. முகத்தில் ஆறு வருடம் தெரிந்தது.

"வாங்கிறாதீங்க" என்றார் இராமசாமி. "முன்னாடி வேலையக் குடுத்துட்டுப் போயிருவாங்க. இப்ப பக்கத்துலயே நாற்காலி போட்டு ஒக்காந்துக்கிறாங்க. குத்துவிளக்க இந்தப் பக்கம் தள்ளுங்கங்குறான் மாப்பிள்ள வீடு. அந்தப் பக்கம் தள்ளுங்கங்குறான் பொண்ணு வீடு. முகூர்த்தம் முடிஞ்சிரும் போல, கார்டு முடியல."

"அப்ப கோடு மெஷினே தேவலயா?"

"அது வச்சிருந்தப்ப ஒருத்தனும் வரலயே."

இந்தத் தெளிவான விளக்கத்தோடு லாசரஸ் வீடு திரும்பினார். மனைவி பிரிஜட் ஆறுதல் சொல்லவில்லை. "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவே ரோசிச்சுச் சொல்றேன்னுட்டுப் போன ஆளு. ரெண்டு மாசம் பொறுத்து நான்தான் சரின்னு சொல்லி அனுப்புனேன். இதுக்கும் நானே வந்து சொல்லணுமா?" என்றார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, அவர் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார். லாசரஸ் சாப்பிடாமலே குழம்புச் சட்டியை மூடினார்.

சென்ற வாரம் இயந்திரம் விற்கும் நிறுவனத்திலிருந்து லீலா என்ற பெண் செயல்விளக்கத்துக்கு வந்தாள். ஒரு பெட்டியை மேசையில் வைத்து, ஒரு கம்பியைச் சொருகினாள். வெள்ளைத் திரையில் வெள்ளைத் தாள் தெரிந்தது.

"அங்கிள், நீங்க டிரை பண்ணுங்க."

லாசரஸ் உட்கார்ந்து, தடித்த எழுத்துக்கான குறியை அடித்தார். அது அப்படியே, குறியாகவே, தாளில் வந்து நின்றது. மூடும் குறியையும் அடித்தார். அதுவும் வந்து நின்றது. இடையில் ஒன்றும் தடிக்கவில்லை.

"அதெல்லாம் வேணாம் அங்கிள். மவுஸ மேல வச்சு கிளிக் பண்ணா போதும் லா. எதையும் குளோஸ் பண்ணவே வேணாம்."

லாசரஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். பாவமில்லாத உலகத்தைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டவர்போல இருந்தது அவர் முகம்.

"கஷ்டமான பக்கம் ஒன்னு குடுங்க, செஞ்சு காட்டுறேன்" என்றாள் லீலா. லாசரஸ் மேசையைத் திறந்து மலரை எடுத்து, பாடகர் குழுப் பக்கத்தை விரித்துக் கொடுத்தார். கையூம் இருமினார். லீலா ஒன்றும் கேட்காமல், இருந்தது இருந்தபடி, சிலுவைகளோடு அடித்து முடித்தாள். பக்கம் முழுசாகத் திரையில் நின்றது. இத்தனை வருடத்தில் தான் கோத்த பக்கம் ஒன்றை மருந்து வாடை இல்லாமல் லாசரஸ் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"இந்தச் சிலுவையெல்லாம் வேணாம்மா" என்றார்.

"ஈஸி அங்கிள்." அவள் அல்போன்சம்மாளின் முன்னால் மவுஸைக் கொண்டுபோய்த் தட்டினாள். சிலுவை போயிற்று. அடுத்தது போயிற்று. திருத்தச் சீட்டும் இல்லை, தொலைபேசியில் அழுகையும் இல்லை. ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.

"அருளானந்தத்துக்கு மட்டும் இருக்கட்டும்மா. அவரு இல்ல."

"ஓ. ஓகே அங்கிள்." அவள் அந்தப் பெயரைத் தாண்டிப் போனாள்.

"என்னண்ணே சொல்றீங்க?" என்றார் கையூம், பின்னாலிருந்து, மிகவும் தணிந்த குரலில்.

"இதையே வாங்கிருங்க பாய்."

விற்பனை முடிந்த மகிழ்ச்சியில் லீலா இன்னும் வேகமாகத் தட்டிக்கொண்டே போனாள். கடைசி வரிக்கு வந்து, லாசரஸ் என்ற பெயருக்கு முன்னால் இருந்த சிலுவையின் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினாள். "இதுவும் இருக்கட்டும்மா" என்று லாசரஸ் கையை நீட்டி, திரையில் அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.